கூண்டுக்குள் ஈ

ஒன்றுகூடப் பறக்கவில்லை. அதுதான் நடந்தது. ஒரு பருவம் முழுக்க வளர்த்தேன், இலை பறித்துப் போட்டேன், காவல் இருந்தேன். கூடு கட்டினது கட்டினபடியே கறுத்துப் போச்சு.

உட்காருங்கள் டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். கூண்டு மூன்றும் அதோ சுவரோரம் இருக்கிறது. கழுவிக் காயவைத்துவிட்டேன். வலையில் கிழிசல் கிடையாது. ஜிப் நன்றாக ஓடும். பள்ளிக்கூடத்துக்குத்தானே, எடுத்துப் போங்கள். எனக்கு வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். நானே சொல்லிவிடுகிறேன். ஒரு தடவைதான் சொல்வேன். நடுவில் பேசாதீர்கள்.

நான் கிட்டங்கியில் வேலை பார்த்தவன். அரசாங்கக் கிட்டங்கி. நெல், அரிசி, கோதுமை. மூட்டைக்கு மருந்து வைப்பது என் வேலை. மூட்டை அடுக்கைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஓரத்தைச் சுற்றி மணல் பையை அடுக்க வேண்டும். உள்ளே மாத்திரையை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பிறகு பாயை எடுத்தால் வண்டெல்லாம் தவிடு மாதிரி உதிர்ந்து கிடக்கும். ஆயுசு பூராவும் பூச்சியைக் கொன்ற தாணுமூர்த்தி இப்போது பூச்சிக்குச் சோறு ஊட்டுகிறான் என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எந்தச் சந்து வழியாக எது நுழையும் என்று என்னைவிட எவனுக்குத் தெரியும்?

வீட்டுக்காரிக்கு வாதம் வந்தது போன தை மாதம். வலப்பக்கம் பூராவும் விழுந்துவிட்டது. பேச்சும் போச்சு. எதைக் கேட்டாலும் 'ம்ம்' என்பாள். அது ஆமாவா இல்லையா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இடக்கை மட்டும் நல்ல கை. புத்தியும் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். எனக்குச் சந்தேகம்தான். நான் பேசும்போது சுவரைப் பார்க்கிறவளுக்கு என்ன புத்தி?

அவளைப் பார்த்துக்கொள்ள ஜெபக்கனி என்று ஒருத்தியை வைத்தேன். காலையில் வருவாள், சாயங்காலம் போவாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு மத்தியானத்துக்கு மேல் வருவாள். வேலை சுத்தம். வாய்தான் அதிகம்.

வீட்டுக்காரி படுத்திருக்கிற அறைச் சன்னலுக்கு வெளியே ஒரு எலுமிச்சைச் செடி தொட்டியில் இருந்தது. ஒரு நாள் வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து இலையில் வயிற்றை வளைத்து வளைத்து முட்டை வைத்தது. கறுப்பும் மஞ்சளும். எலுமிச்சை அழகி என்று இப்போது பேர் வைத்திருக்கிறார்கள். அவள் அதைப் பார்த்தாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன். வாதம் இழுத்த வாயில் சிரிப்பு எது, கோணல் எது? நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். இவளுக்கு வளர்த்துக் காட்ட வேண்டும்.

"அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா ஐயா" என்றாள் ஜெபக்கனி, பிறகொரு நாள்.

பேச்சு வராதவளிடம் என்னத்தைக் கேட்பது?

முதலில் செடியிலேயே விட்டேன். அது என் புத்தி கெட்ட வேலை. முட்டை பொரிந்து வந்தது. சின்னதில் அந்தப் புழு காக்காய் எச்சம் மாதிரி இருக்கும். பார்த்தால் தொடத் தோன்றாது. அப்படியே ஏமாற்றிக்கொண்டு வளரும். வளர்ந்தால் பச்சை. தலைப்பக்கம் கண் மாதிரிப் புள்ளி. சீண்டினால் சிவப்பாய் ஒரு கவட்டைக் கொம்பை நீட்டும், வாடை அடிக்கும். இவ்வளவு வித்தை வைத்திருக்கிற புழுவுக்கு ஓடத் தெரியாது. எல்லாரும் தின்ன வருகிறார்கள். குளவி வந்து கடித்துக் குதறி, உருண்டை பிடித்துக்கொண்டு போகிறது. எறும்பு முட்டையைத் தூக்குகிறது. ஓணான். சிலந்தி. அப்புறம் அந்தக் கொண்டைக்குருவி.

நான் விடுவேனா? குளவிக்கூடு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இருந்தது. கம்பில் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திக் காட்டினேன். பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஓணானுக்குக் கல். கொண்டைக்குருவி நந்தியாவட்டையில் கூடு வைத்திருந்தது. உள்ளே குஞ்சுகள், வாயைப் பிளந்துகொண்டு. என் புழுவெல்லாம் அந்த வாய்க்குத்தான் போயிருக்கிறது. கூட்டை அப்படியே எடுத்து மதிலுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். வைத்தேன் என்றால் பதமாகத்தான் வைத்தேன். பூனை எடுத்ததற்கு நான் பொறுப்பில்லை.

என்ன டீச்சர் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? பிள்ளைகளுக்கு வளர்த்துக் காட்டப் போகிறீர்கள் இல்லையா? இதெல்லாம் இல்லாமல் ஒன்றும் மிஞ்சாது. நீங்களும் செய்வீர்கள்.

அப்படியும் மிஞ்சவில்லை. அதனால் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். வீட்டுக்காரி அறைக்கு. அங்கேதான் வெயில் வரும். சன்னலுக்கு வலை அடித்தேன், சந்தெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தேன். கூண்டு வாங்கினேன். மேசைக் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தேன், எறும்பு ஏறாது. செடித் தொட்டியையும் உள்ளே தூக்கி வைத்தேன். அவள் கட்டிலைக் கொஞ்சம் ஓரமாகத் தள்ள வேண்டியிருந்தது. கூண்டுகளை அவளுக்கு வலப்பக்கம் வைத்தேன். இடப்பக்கம் வைத்தால் அந்தக் கை சும்மா இருக்காது, எதையாவது தட்டிவிடும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டேன். காற்றில் இலை வாடுகிறது.

"அம்மாவுக்கு வேர்த்து ஊத்துதுய்யா" என்றாள் ஜெபக்கனி.

"கைவிசிறி இருக்குல்லா? வீசு."

"வீசிக்கிட்டே இருந்தா சோறு எப்பம் ஊட்ட?"

"ஒரு கையால வீசு. ஒரு கையால ஊட்டு."

அவள் என் வீட்டுக்காரியைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்டியளாம்மா? உங்களுக்கு ஒரு கை. எனக்கும் இனிமே ஒரு கைதானாம்."

சொன்னேனே, வாய்.

கைகாலுக்குத் தேய்க்கிற தைலம் ஒன்று வைத்தியர் கொடுத்திருந்தார். அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்த வாடைக்குப் புழு எல்லாம் கொம்பை நீட்டுகிறது. தேய்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்த் தேய் என்றேன். "அம்மாவத் தூக்கிக்கிட்டா?" என்று கேட்டாள். இதற்கெல்லாம் பதில் சொன்னால் வேலை நடக்காது.

இனிமேல்தான் விஷயம். அந்த அறையில் ஒரு பல்லி இருந்தது.

டியூப் லைட் பட்டைக்குப் பின்னால் குடியிருப்பு. வெளுத்த பல்லி, வால் அறுந்து முளைத்தது. அவள் படுத்த நாளிலிருந்து அது அவள் தலைக்கு மேலேதான் திரியும். பல்லி சொன்னால் விரலை மடக்கித் தட்டுவோம் இல்லையா, சொன்னது பலிக்கட்டும் என்று? என் வீட்டுக்காரிக்கு அந்தப் பழக்கம் ரொம்ப உண்டு. சோறு பரிமாறுகிறபோது பல்லி சொன்னால்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுவாள். படுத்த பிறகு கட்டில் கம்பியில் தட்டினாள். இடக்கையால். டொக் டொக் டொக்.

ஜெபக்கனி அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். ஏதாவது கேட்பாள். "உப்பு பத்தலையாம்மா?" இரண்டு பேரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பல்லி டிக்கென்றால் இவள் கம்பியில் தட்டுவாள். பல்லி சும்மா இருந்தாலும் இவளுக்கு வேண்டியதென்றால் இவளே தட்டிவிடுவாள். "பல்லி சொல்லலியேம்மா, நீங்களா தட்டுதியளே, கள்ள ஆட்டம்லா" என்பாள் அவள். இவளுக்குச் சிரிப்பு. பாதி வாயால் சிரிப்பாள், எச்சில் ஒழுகும், அவள் துண்டால் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். இப்படியே பகல் போகும். கால் வலியா, சன்னலைத் திறக்கவா, சேலை மாற்றவா, வெளியூரில் இருக்கிற பிள்ளை குரலைப் போனில் கேட்க வேண்டுமா, எல்லாம் பல்லி வழியாகத்தான். "அம்மா இப்பம் நல்லாப் பேசுதாவ ஐயா" என்றாள் ஒரு நாள். பல்லி பேசுகிறது என்று சொல். அவள் எங்கே பேசினாள்?

நான் இலைக்கட்டோடு வாசலில் நிற்கிறேன், உள்ளே இவர்கள் பாட்டுக்கு நடத்துகிறார்கள்.

"ஐயாவுக்கு வெளிய பாத்தாத்தான் கோவம், உள்ள பூரா வெல்லம். என்னம்மா?"

பல்லி சும்மா இருந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"சரி விடுங்க. உள்ளயும் கோவந்தான்."

டிக் டிக் டிக்.

என் வீட்டுக்காரி கம்பியில் தட்டின தட்டு இருக்கிறதே, கட்டிலே ஆடியது. உடம்பு குலுங்கியது. அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது, ஜெபக்கனி நெஞ்சைத் தடவிவிட்டாள். நான் உள்ளே போனதும் இரண்டு பேரும் கப்பென்று நின்றார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லய்யா. பல்லி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேங்கு."

நான் ஒரு நாள் நல்லபடியாகத்தான் சொன்னேன். "ஏளா, இந்தப் புழு எல்லாம் உனக்காகத்தான் வளக்கேன்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மோட்டைப் பார்த்தாள். பல்லி சும்மா இருந்தது. நான் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன். சும்மாவே இருந்தது.

அதற்காக இல்லை டீச்சர். நீங்கள் அப்படி நினைக்கக் கூடாது. ஒரு பல்லியிடம் எனக்கு என்ன பகை? அது கூண்டின் மேல் வந்து உட்கார ஆரம்பித்தது. வலையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு உள்ளே பார்க்கிறது. நான் பார்த்தேன். புழுவைத் தின்றதா என்றால், தின்றதை நான் பார்க்கவில்லை. தின்னும். பல்லி வேறு எதற்கு அங்கே வருகிறது? நாளைக்குப் பூச்சி வெளியே வந்து இறக்கை ஈரமாய்த் தொங்கும்போது, அசைய முடியாமல் இருக்கும். ஒரு கவ்வு போதும். அதுவரை காத்திருக்க நான் என்ன மடையனா?

எலி ஒட்டுகிற அட்டை கடையில் விற்கிறார்களே, பசை தடவினது, அதை வாங்கி வந்தேன். விரித்துக் கூண்டின் மேல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை. நான் இலைக்குப் போக வேண்டும். மருந்தடிக்காத எலுமிச்சை இலை பக்கத்தில் எங்கும் கிடையாது, சாந்தி நகரில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில்தான் கிடைக்கும். கதவைச் சாத்திவிட்டுப் போனேன். வழியில் அந்த மனுஷர் பேசிப் பிடித்துக்கொண்டார். பேரன் பரீட்சையில் மார்க்கு வாங்கினானாம். எனக்கு என்ன?

திரும்பி வந்தபோது வாசலிலேயே சத்தம் கேட்டது. டொக் டொக் டொக். நிறுத்தாமல்.

உள்ளே போனேன். பல்லி மாட்டியிருந்தது. வயிறும் கையும் ஒட்டி, தலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கத்திக்கொண்டிருந்தது. அவள் முகத்துக்கு நேரே, கை எட்டுகிற தூரம்தான். ஆனால் வலப்பக்கம். அந்தக் கை வராதே. இந்தக் கையால் கம்பியில் தட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டிருக்கும். இந்த வீட்டில் தட்டுகிற சத்தம் புதிதா என்ன, யாரும் வரவில்லை. விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம். கம்பியெல்லாம் ரத்தம். தலையணை நனைந்திருந்தது.

என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். 'ம்ம்' என்றாள். 'ம்ம், ம்ம், ம்ம்.'

பசையிலிருந்து பல்லியைப் பிய்க்க முடியாது டீச்சர். பிய்த்தால் தோல் வந்துவிடும். யாரானாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அட்டையை இரண்டாக மடித்தேன். அழுத்தினேன். சத்தம் நின்றது.

அவளும் 'ம்ம்' சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஜெபக்கனி மத்தியானம் வந்தாள். கையைப் பார்த்தாள், குப்பைக் கூடையைப் பார்த்தாள். வேதப்புத்தகத்தை இடுக்கினபடியே நின்றாள்.

"பல்லியக் கொல்லலாமாய்யா? நாங்க வேதக்காரங்க. எங்களுக்கே கை வராது."

"வீட்டுல இருக்கப் பூச்சிய நான் பாத்துக்கிடுதேன். நீ அம்மாவப் பாரு."

"அம்மாவத்தான்யா பாக்கேன்" என்றாள்.

அப்புறம் மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். தானாகவே என்னென்னவோ பேசினாள். "வலிக்காம்மா? தண்ணி தரட்டா?" வீட்டுக்காரி மோட்டைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். பல்லி போனால் என்ன? முறையாகவே செய்யலாமே. "ஏளா, ஆமான்னா ஒரு தட்டு தட்டு, இல்லைன்னா சும்மா இரு" என்று நானே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பல்லியைவிடத் தெளிவாக இல்லையா? அவள் தட்டவில்லை. விரல் ஆறித் தழும்பு விழுந்த பிறகும் தட்டவில்லை. 'ம்ம்' என்பதும் நின்றுவிட்டது. உப்பில்லாத சோற்றை விழுங்கினாள், உப்பு கூடின சோற்றையும் விழுங்கினாள். நான் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். ஜெபக்கனிக்கும் பேச்சுக் குறைந்துவிட்டது. அறை அமைதியாக இருந்தது. புழுவுக்கு நல்லதுதான்.

புழுக்கள் நன்றாகக் கொழுத்தன. என் விரல் தடிமன். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவேன், புழு வளர்க்கிறவர்கள் குழு. எல்லாரும் கைதட்டுவார்கள். 'தாணு சார் வீட்டில் ஒரு எறும்பு நுழைய முடியாது' என்று ஒருவர் எழுதினார். உண்மை.

கூண்டுத் தரையைத் தினம் கூட்டுவேன். புழுக்கை ஒரு கை விழும். அதோடு பழுப்பாய், அரிசி மணி மாதிரி, ஏதோ கிடக்கும். பெரிய புழுவின் புழுக்கை, காய்ந்தால் அப்படி ஆகும் என்று நினைத்தேன். நல்ல உரமாச்சே. வீணாக்குவானேன்? எல்லாவற்றையும் அள்ளி அந்த எலுமிச்சைத் தொட்டியில் போட்டு மண்ணைக் கிளறிவிடுவேன். செடி உள்ளேதானே இருக்கிறது. துளிர் நன்றாக விட்டது.

பிறகு ஈ வந்தது. சன்னல் வலையில், உள்பக்கம். சாதாரண ஈ மாதிரிதான், முதுகில் முள்ளு முள்ளாய் மயிர். எப்படி உள்ளே வந்தது? சந்தில்லை, ஓட்டையில்லை. யோசித்தேன். ஜெபக்கனி மத்தியானம் கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவாள். அதுதான். இனிமேல் வீட்டுக்குள் சாப்பிடாதே, துவைகல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள். வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஈ குறையவில்லை, கூடியது. வீட்டுக்காரி முகத்தில் உட்காரும். இடக்கையால் ஓட்டுவாள், பிறகு ஓட்டுவதையும் விட்டுவிட்டாள்.

பல்லி இருந்தவரை அந்த அறையில் நான் ஈயைப் பார்த்ததில்லை. அது வேறு விஷயம்.

புழு எல்லாம் கூடு கட்டின. இடுப்பில் ஒரு நூல் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்து தொங்கும், பார்த்திருப்பீர்கள். மூன்று கூண்டும் நிறைந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம். இதோ ஒவ்வொன்றாக வெளியே வரும், அறை முழுக்கப் பறக்கும், இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள், பார்க்கிறேன் என்று இருந்தேன்.

கறுக்க ஆரம்பித்தது. பூச்சி வெளியே வருவதற்கு முன்னால் கொஞ்சம் கறுக்கும், இறக்கை தெரியும். இது அந்தக் கறுப்பில்லை. அழுகின கறுப்பு. ஒரு நாள் காலையில் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கூட்டின் பக்கத்தில் ஓட்டை விழுந்தது. அதிலிருந்து வெள்ளையாய் ஒரு புழு. கொழுத்த ஈப்புழு. நூல் மாதிரி ஒரு சளியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. தரையில் விழுந்து நெளிந்தது. அப்படியே சுருங்கிப் பழுப்பாக ஆரம்பித்தது. அரிசி மணி மாதிரி.

நான் தொட்டியைப் பார்த்தேன்.

வெளியிலிருந்து பிடித்து வந்த புழு எதிலோ அந்த ஈயின் முட்டை ஏற்கெனவே இருந்திருக்கிறது. அது புழுவை உள்ளே இருந்தே தின்று வெளியே வரும். வந்ததை நானே அள்ளி, உரமாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, வலை போட்டுக் காப்பாற்றியிருக்கிறேன். அதற்கு நான் என்ன செய்வது? அரிசி மூட்டையில் இந்த ஈ வராது. வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

குழுவில் எழுதவில்லை. எழுதினால் சிரிப்பார்கள்.

கூண்டைத் தூக்கி எறியத்தான் நினைத்தேன். ஒன்றே ஒன்று கறுக்காமல் இருந்தது. பச்சையாய், ஓரக் கூண்டின் மூலையில். அதற்காக வைத்தேன். மற்ற எல்லாவற்றையும் பிடுங்கி நசுக்கினேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன், ஈ ஒன்று கிட்டே வந்தால் அடித்தேன். புது முட்டையும் தேடி வைத்துவிட்டேன். இது ஒன்று பறந்தால் போதும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கலாம். இந்தத் தடவை ஓட்டை எங்கே என்று தெரியுமே.

அது வந்தது டீச்சர். விடிந்து போய்ப் பார்த்தால் கூடு வெறுமையாய் இருக்கிறது, பக்கத்தில் தொங்குகிறது. முதலில் கசங்கின துணி மாதிரி. பார்க்கப் பார்க்க விரிந்தது. கறுப்பும் மஞ்சளும், பின்னிறக்கையில் ஒரு செங்கல் நிறப் பொட்டு. ஒரு பழுது கிடையாது. இறக்கை காய்கிறவரை அசையாமல் நின்றேன். கால் மரத்துவிட்டது.

ஜெபக்கனி வந்ததும் போனைக் கையில் கொடுத்தேன். "படம் எடு. அம்மா கையில வைக்கப் போறேன்."

பூச்சியை விரலில் ஏற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போனேன்.

"ஏளா. இங்க பாரு. உனக்காகத்தான்."

திரும்பினாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தாள். இடக்கையை அவளாகவே நீட்டினாள். உள்ளங்கையை விரித்து, கொடு என்கிற மாதிரி. ஜெபக்கனியிடம் "பாத்தியா" என்றேன். பூச்சியை அந்த உள்ளங்கையில் வைத்தேன். அது இறக்கையை மெதுவாகத் திறந்தது, மூடியது, திறந்தது.

அவள் அதைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுண்டுவிரலை முதலில் மடக்கினாள். அப்புறம் அடுத்த விரல். அவசரமே இல்லை. கட்டைவிரலை மேலே வைத்து மூடினாள். இறுக்கினாள். கை நடுங்குகிற வரைக்கும் இறுக்கினாள்.

ஜெபக்கனி "கர்த்தாவே" என்றாள். படம் எடுக்கவில்லை.

பிறகு கையை விரித்து, என் சட்டையில் துடைத்தாள். நெஞ்சுப் பக்கம். புறங்கையையும் துடைத்தாள், விரல் இடுக்கையும் துடைத்தாள். சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். குறட்டை விட்டாள்.

டாக்டரிடம் கேட்டேன். "வாதம் வந்தவங்களுக்குக் கை அப்படித் தானா இறுகும் சார், நரம்பு இழுக்கும், மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். எந்தக் கை என்று அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

அன்றைக்கு மத்தியானமே கூண்டுகளைக் கழுவினேன். தொட்டி மண்ணைக் கொதிநீர் ஊற்றிக் கொட்டினேன். புது முட்டையை இலையோடு வெளியே எறிந்தேன். சன்னல் வலையைப் பிடுங்கினேன். ஜெபக்கனி என்னைக் கேட்காமலேயே மின்விசிறியைப் போட்டாள். கேட்காமலேயே தைலத்தை எடுத்தாள். சட்டையை ஊறவைத்தேன். அந்த மஞ்சள் தூள் போகவில்லை.

இப்போது போய்ப் பாருங்கள், அறையில் ஒரு ஈ கிடையாது. முட்டையிட இடமில்லை, தின்னப் புழுவில்லை, எங்கிருந்து வரும்? எல்லாம் சரியாகிவிட்டது.

கூண்டைப் பிடியுங்கள். மேல் கம்பியைப் பிடித்துத் தூக்குங்கள், பக்கத்தில் பிடித்தால் கோணும். என்ன? சொல்லுங்கள், வாய்க்குள் முனகினால் எனக்குக் கேட்காது.

ஈயை எப்படி ஒழித்தீர்கள் என்றா? எந்த மருந்து என்றா கேட்கிறீர்கள்?

மருந்து ஒன்றும் வைக்கவில்லை. நான் ஒழிக்கவுமில்லை. என்னை விட்டிருந்தால் இன்னும் வளர்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன். அதோ அந்த அறையில் படுத்திருக்கிறாளே, அவள்தான் முடித்தாள். என்ன பேரா? இந்தத் தெருவில் அவள் பேர் யாருக்குத் தெரியும், நானே சொல்லி எவ்வளவோ வருஷம் ஆச்சு.

சந்திரவடிவு.